இருபதடிக் குழாயும் இருபதடிக் கொட்டிலும்

அமெரிக்க எஃகு மண்டிகளில் குழாய் பெரும்பாலும் 20 அடி நீளத்தில் கிடைக்கும். கலிபோர்னியாப் புறநகர் வீடுகளில் இரண்டு மகிழுந்துகளை நிறுத்தக் கட்டிய கொட்டில்களின் ஆழமும் பலவிடங்களில் அதே 20 அடிதான். குழாயை நேராக உள்ளே தள்ளினால் கதவு இறங்காது. மூலைக்கு மூலை சாய்த்தால் 28 அடி இடம் கிடைக்கும். ஆனால் நடுவில் வண்டி நிற்க முடியாது. பாறையும் மணலும் மண்டிய கரட்டு நிலத்தில் ஓடும் ஊர்தியைத் தன் வீட்டிலேயே கட்டப் புறப்பட்டவர் முதலில் முட்டிக்கொள்ளும் சிக்கல் இந்தக் கணக்குதான். தேர்ந்தவர்கள் இதற்குக் கண்ட வழி எளியது. அறுக்கும் வாளைக் கதவோரத்தில் நிறுத்துகிறார்கள். குழாயின் வால் முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டு கிடக்கும், தலை மட்டும் உள்ளே வந்து அறுபடும்.

பட்டறை அமைப்பது எப்படி என்று கேட்டால் பலர் பொறிகளின் பெயர்களை ஒப்பிக்கத் தொடங்குவார்கள். பற்றவைப்புப் பொறி, வளைப்பான், சாணை, காற்றமுக்கி என்று அது நீளும். அந்தப் பட்டியல் விற்பவருக்கு நல்லது. கட்டுபவருக்கு முதற்கருவி அந்தக் கொட்டிலே என்பது என் துணிபு. வண்டி உறங்குவதற்கென எழுப்பிய அறையில், கதிரவனின் மேற்பரப்பை விஞ்சும் வெப்பத்தை ஏற்ற வேண்டும். கைவலிமைக்கு அடங்காத எஃகை வளைக்க வேண்டும். வளைத்ததை மில்லிமீட்டர் பிசகாமல் நிறுத்த வேண்டும். அறையின் தரையும் மின்கம்பியும் காற்றும் சுவரும் இவற்றுக்கு இசையாவிட்டால் எத்தனை விலையுயர்ந்த பொறியும் அங்கே வெறும் சுமைதான்.

இந்தக் கைவினை பேராலைகளில் வளராமல் வீட்டுக் கொட்டில்களில் வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. பான்டம் நிறுவனம் 1940 செப்டம்பரில் அமெரிக்கப் படையிடம் ஒப்படைத்த முன்மாதிரியிலிருந்து ஜீப் பிறந்தது. வில்லிஸும் ஃபோர்டும் போர்க்காலத்தில் ஆறு இலட்சத்துக்கும் மேல் அதைச் செய்து குவித்தன. போர் ஓய்ந்தபின் மிஞ்சியவை குடிமக்கள் கைக்கு வந்தன. 1953-இல் சியரா நெவாடா மலைகளின் ரூபிக்கன் தடத்தில் ஜீப் உலாக்கள் தொடங்கின. படைக்கென வடித்த வண்டி பாறைமேல் ஏறும்போது எங்கெல்லாம் முறிந்ததோ, அங்கெல்லாம் உரியவரே வீட்டில் பட்டை வைத்துத் தைத்தார். ஆலை செய்ய விரும்பாத வண்டியை வேறு யார் செய்வது?

1964-இல் நியூபோர்ட் பீச்சில் புரூஸ் மேயர்ஸ் என்னும் படகுக் கட்டுநர், படகுக்குப் பயன்பட்ட கண்ணாடியிழையைக் கொண்டே ஒரு மணல்வண்டியின் உடலை வார்த்து, அதில் ஃபோக்ஸ்வாகன் உறுப்புகளைப் பொருத்தினார். மேயர்ஸ் மேங்ஸ் எனப் பெயர்பெற்ற அந்த வண்டி, 1967-இல் மெக்சிகோவின் பாஹா தீவக்குறையில் டிஹுவானாவுக்கும் லா பாஸுக்கும் இடைப்பட்ட தொலைவை 34 மணி 45 நிமிடத்தில் கடந்தது. அதே ஆண்டு அங்கு நடந்த முதல் நெடும்பந்தயத்தை வென்றதும் ஒரு மேங்ஸ்தான். நம் பொருளுக்கு அந்த வெற்றியைவிட இன்றியமையாதது வேறொன்று. பின்னர் வந்த மேங்ஸ் உடலை வாங்கியவர், தம் பழைய ஃபோக்ஸ்வாகன் அடித்தட்டிலிருந்து பதினான்கு அங்குலத்துக்கும் மேலான துண்டை அறுத்தெடுத்து, மிஞ்சிய இரு பாதிகளையும் மறுபடி பற்றவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வண்டியின் முதுகெலும்பை வெட்டி ஒட்டும் துணிவு இப்படித்தான் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது. 2007-இல் மொஹாவே பாலையின் ஜான்சன் பள்ளத்தாக்கில் 13 ஊர்திகள் தமக்குள் ஓட்டிப் பார்த்த பாறைப் பந்தயம், இன்று ‘கிங் ஆஃப் தி ஹேமர்ஸ்’ என்று ஆண்டுதோறும் பெருங்கூட்டத்தை ஈர்ப்பதும் அந்தத் துணிவின் தொடர்ச்சியே.

இனி உலோகத்துக்கு வருவோம்.

ஊர்தி கவிழ்ந்தால் உள்ளிருப்பவரைக் காப்பது எஃகுக் கூண்டு. அதற்குப் பரவலாகப் பயன்படும் குழாயின் புறவிட்டம் ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது 44.5 மில்லிமீட்டர்; சுவரின் தடிமன் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மீட்டருக்கு 3.1 கிலோ நிறை. இதே நிறைக்குத் திண்ணிய கம்பி வாங்கினால் அதன் விட்டம் 22.5 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். வளைவை எதிர்க்கும் விறைப்பில் குழாயின் ஏழில் ஒரு பங்குதான் தேறும். வளையும் பொருளில் நடு அச்சையொட்டிய உலோகம் ஏறத்தாழச் சும்மா இருக்கிறது. விளிம்பில் உள்ளதே இழுபட்டும் நசுங்கியும் உழைக்கிறது. உழைக்காததை அகற்றி விளிம்புக்கு அனுப்பிய வடிவமே குழாய். விட்டத்தை 2 அங்குலமாக்கிச் சுவரை 2.4 மில்லிமீட்டராக மெலித்தால், நிறை ஏழு விழுக்காடு குறைய விறைப்பு 26 விழுக்காடு ஏறும். அப்படியே அகலமும் மெலிவும் கூட்டிக்கொண்டே போனால் என்ன என்ற ஆசை எழும். பாறை அதற்கு இடம்கொடாது. மெல்லிய சுவர் கல்லில் மோதியதும் குழிந்துவிடும். குழிந்த இடத்தில் குழாய் மடங்கும்.

குழாய் வாங்கப் போகிறவரை மயக்கும் சொல் ஒன்று உண்டு. குரோமோலி என்பது அது. நூற்றுக்கு 0.28 முதல் 0.33 வரை கரிமமும், 0.8 முதல் 1.1 வரை குரோமியமும், 0.15 முதல் 0.25 வரை மாலிப்டினமும் சேர்ந்த 4130 வகை எஃகைக் கைவினைஞர் அவ்வாறு அழைப்பர். இதை வாங்கினால் கூண்டு மிகவும் விறைப்பாகிவிடும் என்று நம்புவோர் பலர். எஃகின் யங் குணகம் இத்தகைய சிறு கலப்புகளால் மாறுவதில்லை. அது 200 கிகாபாஸ்கலை ஒட்டியே நிற்கும். ஆகவே ஒரே அளவுடைய இரு குழாய்களில் ஒரே சுமையை ஏற்றினால், விலை மிகுந்ததும் குறைந்ததும் ஒரே அளவுதான் வளையும். வேறுபடுவது எந்தச் சுமையில் அந்த வளைவு மீளாததாகிறது என்பது. அதுவும் வெப்பப் பதனத்தைப் பொறுத்தது. பற்றவைத்த இணைப்புக்கு அருகே அந்தப் பதனம் குலைந்துவிடும். முதற்கூண்டு கட்டுபவருக்கு, உள்ளச்சின்மேல் இழுத்துச் சீராக்கிய எளிய கரிம எஃகுக் குழாயே தக்கது என்பேன். மண்டிகளில் அதன் பெயர் டி.ஓ.எம். மிச்சமாகும் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்தக் குழாயை வளைக்க எவ்வளவு திருப்புவிசை வேண்டும்? மீளாமல் நெளியத் தொடங்கும் எல்லையை 480 மெகாபாஸ்கல் எனக் கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ 2,500 நியூட்டன் மீட்டர் வருகிறது. இரண்டு மீட்டர் நெம்புகோலின் நுனியில் 125 கிலோவுக்கு மேற்பட்ட எடை தொங்குவதற்கு ஒப்பானது இது. ஒற்றை ஆள் உடலைச் சாய்த்து இழுத்து இதை நெடுநேரம் செய்ய முடியாது. அதனால்தான் பற்சக்கர நெம்போ நீர்ம அழுத்தத் தண்டோ வளைப்பானோடு சேர்கிறது. கையால் நெம்பும் வளைப்பானில், குழாய்மேல் ஏறும் திருப்புவிசை முழுதும் வளைப்பானின் காலுக்கு இறங்குகிறது. கால் எதில் ஊன்றியிருக்கிறது? நான்கு அங்குலத் தடிமனுள்ள கற்காரைத் தரையில். மரையாணி ஆழ இறங்காத தரையில் குழாய் வளையாது, வளைப்பான்தான் சுழலும். அதைச் சுவரோரம் ஒதுக்குவதும் பிழை: வளையும் குழாயின் நீண்ட வால் அறையைக் கடிகார முள்போல் துடைத்துக்கொண்டு வரும். வளைப்பானைச் சுற்றி வெற்றிடம் வேண்டும். அவ்விடத்தைத் தரையில் சுண்ணக்கோட்டால் வரைந்துவைப்பார் உண்டு.

குழாய்த் தொழிலாளர் நீர்க்குழாய் வளைக்கும் மலிவான அழுத்தியை வாங்கி ஏமாறுவோரும் உண்டு. அதன் அச்சுகள் நீர்க்குழாயின் விட்டத்துக்கென வார்க்கப்பட்டவை. கூண்டுக் குழாயை இருபுறமும் தழுவாமல் நடுவில் குத்தி நசுக்கிவிடும். ஊர்திக்குரிய வளைப்பானில் குழாயின் முழு வட்டத்தையும் அச்சு கவ்விக்கொண்டு தன்னோடு சுற்றி இழுத்துச் செல்கிறது. நடுக்கோட்டின் ஆரம் 6 அங்குலமானால், வளைவின் புறத்தோல் ஏறக்குறைய 15 விழுக்காடு நீள்கிறது. அகத்தோல் அதே அளவு சுருங்குகிறது. கவ்விப் பிடித்தால் மட்டுமே உலோகம் இவ்வளவு பெரிய திரிபை மடிப்பின்றி ஏற்கும். விசையை விட்டதும் குழாய் சில பாகை திரும்பி விரியும். அந்த மீள்வு குழாய்க்குக் குழாய் வேறுபடுவதால், ஒவ்வொரு கொள்முதலிலும் ஒரு துண்டை வளைத்துப் பார்த்து, வந்த கோணத்தைச் சுவரில் எழுதிவைப்பது வழக்கம்.

தரையைப் பற்றி இன்னும் ஒரு சொல். வீட்டுக் கொட்டிலின் தரை மட்டமாக இராது. கசியும் நீரும் பெட்ரோலும் வாசலை நோக்கி ஓடட்டும் என்று கட்டட விதிப்படியே அதைச் சாய்த்திருப்பார்கள். அடிக்கு எட்டிலொரு பங்கு அங்குலச் சாய்வென்றால், 20 அடியில் இரண்டரை அங்குலம் இறங்கியிருக்கும். அந்தத் தரையில் வண்டியை நிறுத்தி, குமிழ்மட்டம் வைத்துக் கூண்டு கட்டினால், வண்டிக்கும் கூண்டுக்கும் ஓயாத பகை. ஆகவே பட்டறையில் முதலில் செய்துகொள்ளவேண்டிய பொருள் ஒரு மேசை. கால்களை ஏற்றி இறக்கித் திருத்தக்கூடிய, அரை அங்குலத்துக்குக் குறையாத தடிப்புள்ள எஃகுப் பலகை. இதைவிடப் பொறிக்குச் செலவிடலாமே என்று தோன்றும். வெப்பம் எஃகை என்ன செய்கிறது என்று பார்த்தால் மேசையின் அருமை புரியும்.

எஃகு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரியும். சின்ன எண். ஆயினும் இருமுனையும் அசையாது கட்டப்பட்ட மென்கரிம எஃகுப் பட்டையொன்றை 100 பாகை சூடாக்கினாலே, அது விரிய முடியாமல் உள்ளுக்குள் நெரிந்து, மீளா நெளிவின் எல்லையைத் தொட்டுவிடும். உலோகம் உருகித் தேங்கும் பற்றவைப்புக் குட்டையிலோ வெப்பநிலை 1,500 பாகைக்கு மேல். குட்டையைச் சுற்றிய குளிர்ந்த உலோகம் அதை விரியவிடாமல் நெருக்குகிறது. சூட்டில் இளகிய உலோகம் தடித்துக் குறுகிவிடுகிறது. ஆறும்போது குறுகிய அளவிலிருந்து மேலும் சுருங்கத் தவிக்கிறது. அப்போது எழும் இழுவிசை பக்கத்துக் குழாயைத் தன்பால் வளைக்கும். காலையில் செங்குத்தாக நிறுத்திய தூண் மாலையில் சாய்ந்திருப்பதைக் கண்டு அளவுகோலைப் பழிப்பவர்கள், பழிக்கவேண்டியது சூட்டின் வரிசையை.

இதற்கு மருந்து, ஓரிணைப்பை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல் இருப்பது. கூண்டு முழுவதையும் மேசையில் இறுக்கி, ஒவ்வொரு மூட்டிலும் நான்கு பொட்டுகள் மட்டும் எதிரெதிராக வைத்து, மூலைவிட்டங்களை அளந்து சரிபார்த்தபின், இங்கொரு துண்டு அங்கொரு துண்டாக வலமும் இடமும் மாற்றி மாற்றிப் பற்றவைப்பார்கள். சுருக்கங்கள் ஒன்றையொன்று இழுத்துச் சமன் செய்துகொள்ளும். ஒரே மூச்சில் சுற்றி முடிக்கும் ஆசையை அடக்குவதுதான் புதியவருக்குக் கடினம். நீண்ட அழகிய தையலைப் படம்பிடித்துக் காட்டும் ஆர்வம் எத்தனையோ கூண்டுகளைக் கோணலாக்கியிருக்கிறது.

குழாயோடு குழாய் சேருமிடத்தில் ஒன்றன் முனை மற்றதன்மேல் சேணம்போல் அமரவேண்டும். சம விட்டமுள்ள இரு குழாய்கள் செங்கோணத்தில் கூடினால் அந்த வெட்டு விரித்த தாளில் கோசைன் அலையின் மேல்மேடுகள் இரண்டாக வரும். தாளை வெட்டிக் குழாயில் சுற்றி, ஓரத்தை வரைந்து சாணையால் தேய்ப்பது பழைய முறை. துளைவாளை ஏந்தும் சட்டத்தில் குழாயைக் கோணம் வைத்துத் துளைப்பது புதிய முறை. எதுவாயினும் இடுக்கு தெரியக்கூடாது. பெரிய இடைவெளியை உருகிய கம்பியால் நிரப்பினால் சூடும் மிகும், சுருக்கமும் மிகும்.

மின்சாரத்தில்தான் வீட்டுப் பட்டறைகள் பெரிதும் தடுமாறுகின்றன. கம்பியை ஊட்டிக்கொண்டே மின்வில் எழுப்பும் மிக் பொறியில் 200 ஆம்பியர் ஓடும்போது வில்லின் அழுத்தம் 24 வோல்ட் அளவில் இருக்கும். அது 4,800 வாட். பொறியின் பயனுறுதிறன் 85 விழுக்காடென்றால் சுவரிலிருந்து 5,650 வாட் இழுக்க வேண்டும். அமெரிக்க வீட்டின் எளிய மின்குதையில் இருப்பது 120 வோல்ட். அங்கே இதற்கு 47 ஆம்பியர் தேவை. அந்தச் சுற்றின் மின்முறிப்பானோ 15 அல்லது 20 ஆம்பியரில் விழுந்துவிடும். நல்வாய்ப்பாக, அந்நாட்டு வீடுகளுக்குள் இரண்டு 120 வோல்ட் முனைகள் எதிர்க்கட்டத்தில் வருகின்றன. இரண்டுக்கும் நடுவே 240 வோல்ட் கிடைக்கும். அதில் இணைத்தால் 24 ஆம்பியருக்கும் குறைவே போதும். மின்னோட்டம் பாதியானால் கம்பியில் சூடு கால்பங்காகும்.

120 வோல்ட் பொறி கெட்டதென்று சொல்லவில்லை. மெல்லிய தகட்டுக்கு அது தக்கதே. 3 மில்லிமீட்டர் குழாயைத் தடித்த பட்டையோடு சேர்க்கும்போதுதான் அதன் வஞ்சம் வெளிப்படும். மேலே பளபளப்பான தையல் விழும். அடியில் உலோகத்தோடு கலக்காமல் பசைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறையைக் காண ஒரு வழி உண்டு. பயிற்சித் துண்டொன்றைப் பற்றவைத்து, குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தை உப்புத்தாளால் மெருகேற்றி ஃபெரிக் குளோரைடு பூசினால், உருகிய பகுதியும் சூடுபட்ட பகுதியும் உருகாத பகுதியும் வெவ்வேறு நிறத்தில் எழும். வரைபடத்தில் பார்த்ததைக் கையில் பிடித்துப் பார்க்கலாம்.

நீட்டுவடத்தை நம்புவோருக்கும் ஒரு கணக்கு. 15 மீட்டர் நீளமும் 2 சதுர மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்ட செம்புக் கம்பியில் போகவரச் சேர்த்துக் கால் ஓமுக்கு மேல் மின்தடை. 24 ஆம்பியர் ஓடினால் 150 வாட் வெப்பம் வடத்திலேயே பிறக்கும். விரித்துக் கிடந்தால் காற்று அதை ஆற்றும். சுருட்டி மேசைக்கடியில் தள்ளிய வடத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. உறை இளகிச் செம்பும் செம்பும் தொட்டுக்கொள்ளும் நாள் வரை அது பொறுமையாகக் காத்திருக்கும். தனிச்சுற்றும் தடித்த கம்பியும் உரிமம் பெற்ற மின்பணியாளர் கையால் போடப்படட்டும். குரோமோலியில் மிச்சமான பணத்துக்கு வேலை என்றேனே, அது இதுதான்.

பொறியின் முகப்பில் 200 ஆம்பியரில் 20 விழுக்காடு என்று எழுதியிருந்தால், பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் பற்றவைத்து எட்டு நிமிடம் ஆறவிட வேண்டும் என்பது பொருள். சூடு மின்னோட்டத்தின் இருபடியாக ஏறுவதால், அதே பொறி 100 ஆம்பியரில் ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் உழைக்கும். வீட்டில் கட்டுபவருக்கு இது தடையே இல்லை. அளப்பதிலும் பொருத்துவதிலும் எட்டு நிமிடம் எளிதில் போய்விடும்.

இப்போது காற்று. இங்கே ஒரு முரண் இருக்கிறது. உருகிய எஃகைக் காற்றிலுள்ள உயிர்வளியும் வெடியவளியும் தீண்டினால் தையல் நுரைத்துப் புழையாகும். அதைத் தடுக்க, நூற்றுக்கு 75 பங்கு ஆர்கானும் 25 பங்கு கரியமில வளியும் கலந்த காப்புவளி, நிமிடத்துக்கு 12 முதல் 16 லிட்டர் வரை, வில்லைச் சுற்றிப் போர்த்தப்படுகிறது. மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் தென்றல் அடித்தாலே அந்தப் போர்வை கலைந்துவிடும். ஆனால் கதவை அடைத்தால் புகை பணியாளரின் நெஞ்சுக்குள் போகிறது. ஊதும் விசிறி உதவாது. புகையை எழும் இடத்தருகிலிருந்து உறிஞ்சி வெளியேற்றும் விசிறியே உதவும், அதுவும் முகத்தைக் கடந்து புகை செல்லாத திசையில்.

ஆர்கான் நஞ்சன்று. காற்றைவிட 1.38 மடங்கு அடர்ந்தது, அவ்வளவே. 330 கன அடி கொள்ளும் பெரிய உருளை ஒன்று, 20 அடிச் சதுரமும் 8 அடி உயரமும் உள்ள மூடிய கொட்டிலில் இரவெல்லாம் கசிந்து தீர்ந்தால் என்ன ஆகும்? அறைக் காற்றில் பத்தில் ஒரு பங்கை அது வெளித்தள்ளும். உயிர்வளி 20.9 விழுக்காட்டிலிருந்து 18.8-க்கு இறங்கும். பணியிடக் காப்பு விதிகள் 19.5-க்குக் கீழ்ப்பட்டதைக் குறைபாடென்று கொள்கின்றன. சீராகப் பரவினாலே இந்த நிலை. அடர்வளி தரையோரமும் பள்ளத்திலும் தேங்கும் என்பதை நினைத்தால், வண்டிக்கடியில் மல்லாந்து வேலை செய்பவர் தலை எங்கே இருக்கிறது என்பதும் நினைவுக்கு வரும். வேலை முடிந்ததும் உருளையின் தலைவாயிலை மூடுவது அதனால்தான். நின்ற உருளையைச் சங்கிலியால் சுவரோடு பிணைப்பது இன்னொரு கட்டாயம். வளிமண்டலத்தைப்போல் 150 மடங்கு அழுத்தம் அடைபட்டிருக்கும் குப்பி அது. விழுந்து கழுத்து முறிந்தால் அது எறிகணை.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அமெரிக்கக் கொட்டில்களில் எரிவளியால் இயங்கும் வெந்நீர்க்கலனைப் பெரும்பாலும் மேடையில் ஏற்றி வைத்திருப்பதன் காரணம் இதுவே: தீ மூட்டும் பகுதி தரையிலிருந்து 18 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. விதி எழுதியவர் நிறுத்திவைத்த வண்டியின் கசிவை நினைத்து எழுதினார். தரையில் மண்டியிட்டுப் பொறி பறக்கச் சாணை பிடிப்பவரை அவர் நினைத்திருக்க மாட்டார். எரிபொருள் கலத்தைக் கழற்றி வெளியே கொண்டுபோகாமல் ஒரு பொட்டும் வைக்கலாகாது.

இன்னும் நுட்பமான தீங்கு இரண்டு. துருவேறாமலிருக்கத் துத்தநாகம் பூசிய குழாய் மலிவாகக் கிடைக்கும். எஃகு உருகுமுன்பே, 907 பாகையில் துத்தநாகம் கொதித்து ஆவியாகி, காற்றில் எரிந்து வெண்புகையாகும். அதை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணிநேரம் கழித்துக் குளிர்சுரம் அடிக்கும். அன்று மாலை சாப்பிட்டதன்மேல் பழிபோடுவார். மற்றது கொடியது. எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் பிரேக் துப்புரவு நீர்மங்களில் சில குளோரின் கலந்தவை. அவை உலராத பரப்பில் மின்வில்லின் வெப்பமும் புற ஊதாக் கதிரும் பட்டால் பாஸ்ஜீன் உண்டாகலாம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகள்மேல் ஏவப்பட்ட அதே நஞ்சு. குப்பியின் பின்புறத்துச் சிற்றெழுத்தைப் படித்து, குளோரின் சேர்ந்ததைக் கொட்டிலுக்குள்ளேயே விடாமல் இருப்பது நல்லது. அசிட்டோன் போதும், அதுவும் எரியும் நீர்மம், எனவே துடைத்த துணியைத் தள்ளிவைத்து, பரப்பு உலர்ந்தபின் தொடங்க வேண்டும்.

குரோமோலியையே தேர்ந்தவருக்கு ஓர் எச்சரிக்கை. சூடுபட்ட பகுதி விரைந்து ஆறினால் அங்கே மார்ட்டென்சைட் என்னும் கண்ணாடிபோல் நொறுங்கும் அமைப்பு உருவாகும். பொறுமையிழந்து ஈரத்துணி போடுவதும் காற்றுக்குழாயால் ஊதுவதும் அதைத் தாமே வரவழைப்பதாகும். காற்று வீசாத மூலையில் தானே ஆறட்டும்.

காற்றமுக்கியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அமுக்கிய காற்றில் ஈரம் நீராகத் திரளும். தொட்டியின் அடிவாயை நாள்தோறும் திறந்துவிட வேண்டும். நெகிழி நீர்க்குழாயில் அமுக்கக் காற்றைக் கொண்டுசெல்லக் கூடாது, வெடித்தால் சில்லுகளாகச் சிதறும்.

சாணை அப்படியன்று. கையடக்கமாக இருப்பதால் அதை யாரும் அஞ்சுவதில்லை. 115 மில்லிமீட்டர் வட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு நொடிக்கு 66 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 238 கிலோமீட்டர். வட்டுகள் நொடிக்கு 80 மீட்டர் வரை தாங்குமாறு செய்யப்படுகின்றன. காப்புறையைக் கழற்றிவிட்டுப் பெரிய சாணையின் 180 மில்லிமீட்டர் வட்டை இதில் மாட்டினால் விளிம்பு வேகம் 104 மீட்டராகும். வட்டைப் பிய்க்கும் தகைவு தாங்குமளவைப்போல் 1.7 மடங்கு. காப்புறை இருக்கும்வரை பெரிய வட்டு நுழையாது. அந்தத் தகடு அங்கே இருப்பதன் பாதிப் பயன் அதுதான். கண்ணுக்கு ஆடியும் அதன்மேல் முகக்கவசமும் இரண்டும் வேண்டும். மின்வில்லை வெறுங்கண்ணால் சில நொடி பார்த்தவருக்கு அன்றிரவு கண்ணில் மணல் கொட்டியது போலிருக்கும். கதவிடுக்கில் எட்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதேதான். பற்றவைக்குமுன் உரக்கக் குரல்கொடுக்கும் பழக்கம் நல்ல பட்டறைகள் எல்லாவற்றிலும் உண்டு.

வாங்கும் வரிசையை என்னிடம் விட்டால், முதலாண்டில் மின்சுற்று, மேசை, புகைவிசிறி, தீயணைப்பான், நல்ல அளவுகருவிகள், இடைத்தர மிக் பொறி ஒன்று. வளைப்பான் இரண்டாம் ஆண்டுக்குக் காத்திருக்கட்டும். அதுவரை நேர்த்துண்டுகளால் மேசைக்குக் கால், குழாய்க்குத் தாங்கி, உருளைக்கு வண்டி என்று செய்துகொண்டே இருக்கலாம். உயிரைத் தாங்கும் கூண்டில் வைக்குமுன் கை ஆயிரம் அங்குலமாவது தைத்திருக்க வேண்டாமா?

சுவர் மட்டும் மிஞ்சுகிறது. கொட்டிலுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட சுவரில் அரையங்குல ஜிப்சம் பலகை அறைந்திருப்பார்கள். ஜிப்சத்தின் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் படிகத்துக்குள் பிணைந்த நீர். தீ சுட்டால் அந்நீர் ஆவியாகிக் கொஞ்ச நேரம் சூட்டைக் குடித்துவிடும். கொஞ்ச நேரம்தான். கருவி மாட்டவென்று அதில் ஓட்டை போட்டுவைத்தால் அந்த நேரமும் இல்லை. தீப்பொறி மரச்சட்டங்களின் இடுக்குக்குள் புகுந்து புகையாமல் கனன்றுகொண்டிருக்கும். அமெரிக்கப் பணியிடக் காப்பு விதிகள், தீவேலை முடிந்தபின் அரைமணி நேரமாவது ஒருவர் அங்கேயே காவலிருக்க வேண்டும் என்கின்றன. வீட்டில் அந்த ஒருவர் கட்டுபவரேதான். வில் அணைந்ததும், உருளையை மூடி, விளக்கைக் குறைத்து, முக்காலியில் உட்கார்ந்துவிடுவார். ஆறும் எஃகு இடையிடையே டிக் டிக்கென்று ஒலிக்கும். சுவருக்கு அப்பால் வீட்டார் உறங்கிக்கொண்டிருப்பார்கள். மடியில் குறிப்பேடு: நாளை அறுக்கவேண்டிய குழாய்களின் நீளம், வளைவுக் கோணம், அந்த 20 அடிக்குள் எதை எதனோடு சேர்த்து அறுத்தால் துண்டு வீணாகாது என்ற கணக்கு.